ஸ்வெட்டர் போட்ட ஏ.சி. மெக்கானிக்

கார் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஒரு வாரம் சிரித்தேன். அப்புறம் பழகிப்போச்சு.

முடிச்சூர் ரோட்டில் என் டிபன் கடை. கடையை ஒட்டிக் கிடந்த எங்கள் காலி மனையில் தகர ஷெட் போட்டு அவருக்கு விட்டிருந்தேன். என் அடுப்புக்கும் அவர் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். பதினோரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். பேரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்வெட்டர் மெக்கானிக் என்று கேட்டால் தாம்பரம் ஸ்டேஷன் ஆட்டோக்காரர்களே கொண்டுவந்து விடுவார்கள்.

காப்பிப்பொடி நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். முழங்கை ரெண்டும் ஓட்டை. கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் செருப்பைப் பிடித்து இழுக்கும், அன்றைக்கும் அதைக் கழற்ற மாட்டார். மழைக்காலம் வந்தால் அதன் மேலே இன்னொன்று ஏறும். மார்கழியில் கழுத்துக்கு மப்ளர், தலைக்கு மங்கி குல்லா. கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணிலும் தண்ணீர் வழியும்.

காலையில் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்துவார். சாப்பிடுகிறவர்கள் கத்துவார்கள். நான் வந்து மறுபடி போடுவேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, தோசைக்கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே சாப்பிடுவார். என் அடுப்பங்கரைக்குள் நான் யாரையும் விட்டதில்லை. சொந்தத் தம்பி பெண்டாட்டியைக்கூட வாசலோடு நிறுத்தியிருக்கிறேன். இவரை மட்டும் விட்டேன். அந்த இடத்தில் நிற்க வேறு யாருக்கும் ஆசை வராது, அதனால் சண்டையும் வரவில்லை.

குடிக்க வெந்நீர்தான். ஒரு நாள் மோர் கொடுத்தேன். சுட வைத்துக் கொடு என்றார். மோரைச் சுட வைத்தால் திரிந்துபோகும் என்றேன். பரவாயில்லை, திரிந்ததையே கொடு என்றார்.

ஏன் இந்த மனிதருக்கு இப்படிக் குளிருகிறது என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சின்ன வயதில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார் என்று ஒருவர். வெளிநாட்டில் மீன் அடுக்கும் குளிர் ரூமில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டார் என்று இன்னொருவர். நான் நேராகவே கேட்டேன். பிறந்ததிலிருந்தே குளிருது, எனக்கு என்ன தெரியும் என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கடவுளுக்குக் குறும்பு ஜாஸ்தி. இவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது கோத்தகிரியில். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். தாரை வார்க்கிற படத்தில் மாப்பிள்ளை வேட்டி சட்டையோடு சாதாரணமாக நிற்கிறார். இவர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டியிருக்கிறார். சம்பந்தி வீட்டார் பாதிப் பேர், பெண்ணோட அப்பாவுக்குச் சீரியஸ், அதனால்தான் கல்யாணத்தை அவசரமாக நடத்துகிறார்கள் என்றே நினைத்தார்களாம்.

இன்னொரு தடவை பேங்குக்குப் போனார். உள்ளே ஏ.சி. இருக்குமே என்று வாசலிலேயே மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு நுழைந்திருக்கிறார். மே மாதம். முகம் மூடின ஆள் பேங்குக்குள் வந்தால் வாட்ச்மேன் சும்மா இருப்பானா? பிடித்து உட்கார வைத்து, தெரிந்தவர் யாராவது வந்தால்தான் விடுவேன் என்றுவிட்டான். எனக்கு ஃபோன் வந்தது. மாவுக் கையோடு போனேன். மேனேஜர் ரொம்ப மரியாதையாக, இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார். என் இடத்தில்தான் இருக்கிறார், திருடர் இல்லை, ஏ.சி. மெக்கானிக் என்றேன். அதைக் கேட்டு வாட்ச்மேனுக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. இவரோ எழுந்து போகும்போது சும்மா போகாமல், ஃபில்டர் அடைச்சுகினு கீது சார், சத்தத்திலேயே தெரியுது, க்ளீன் பண்ணுங்க என்று மேனேஜருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் வேலை எல்லாம் காதிலும் விரல் நுனியிலும்தான். பானட்டைத் திறந்து பைப்பை ரெண்டு விரலால் தொடுவார், சத்தம் கேட்பார், வியாதியைச் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ரிப்பேர் முடிந்த பிறகு கார் உள்ளே குளிருகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு எல்லாக் காரும் குளிரும். என்ஜின் இல்லாத கார்கூட குளிரும்.

அதற்குத்தான் நான்.

அவர் வந்த புதிதில் ஒரு நாள் தகரத் தடுப்பைத் தட்டி, ஒரு நிமிஷம் வந்து இந்தக் காரில் உட்கார் என்றார். எதுக்குத் தம்பி என்றேன். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

"காலைலேர்ந்து அடுப்பாண்ட நிக்கிற உடம்புக்கா உன்னுது. அது பொய் சொல்லாது."

அன்றிலிருந்து அவர் ஷெட்டை விட்டுப் போன ஒவ்வொரு காரிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். தோசைக் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வேர்வையோடு அப்படியே போய் ஏறுவேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதலில் மேலுதட்டு வேர்வை காயும். அது பெரிய விஷயம் இல்லை, கையால் விசிறினாலே காயும். அடுத்தது கழுத்து. கடைசியில் முதுகில் ஜாக்கெட் நனைந்த இடம் சில்லென்று ஆகும். அப்போது என்னையும் அறியாமல் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொள்வேன். அதைத்தான் அவர் பார்ப்பார். நான் போர்த்திக்கொண்டேனா, கார் பாஸ். நல்லாயிருக்கு, பரவாயில்லை என்று வாயால் சொன்னால் காதிலேயே வாங்க மாட்டார்.

ஒரு ஆஃபீஸ்காரர் சண்டைக்கே வந்தார். இது என்ன டெஸ்ட், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள் என்றார். இவரிடம் தெர்மாமீட்டர் இருந்தது. டிராயரில் கிடந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதுக்கு வேர்க்குமா சார்?" என்று கேட்டார். ஆஃபீஸ்காரர் நான் இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, காரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் தன் மாமனார் காரையும் கொண்டுவந்தார்.

எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும். லட்ச லட்சமாகக் கொடுத்து வாங்கின கார், நான் போர்த்திக்கொண்டால்தான் நகரும். பேருக்கு இட்லிக் கடைக்காரி. பெரிய பெரிய ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே கைகட்டிக்கொண்டு என் முந்தானையைப் பார்த்து நிற்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த சிவப்புக் கார் வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். தரையோடு தரையாக இருந்தது. முதலில் பார்த்தபோது டயர் நாலும் பஞ்சர் என்றுதான் நினைத்தேன். சீமையில் செய்தது. அதிலிருந்து ஏதோ சினிமாப் பையன் இறங்கப் போகிறான் என்று ரோடே பார்த்தது. இறங்கினவர் சேலையூரில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, நெற்றியில் விபூதிக் கீற்று. இருபது வருஷமாக ஆசைப்பட்டு செகண்ட் ஹாண்டில் வாங்கினாராம். ஏ.சி.யில் காற்றே வரவில்லை. கண்ணாடியை இறக்கி ஓட்டினால், கார் இருக்கிற உயரத்துக்குப் பஸ் புகை நேராக முகத்தில் அடிக்கிறது. பெரிய வொர்க்ஷாப்பில் கேட்டால் சாமான் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாசம் ஆகும் என்றார்களாம்.

இவர் போய்க் காதை வைத்துக் கேட்டார். பைப்பைத் தொட்டார். உள்ளே குளிர் எல்லாம் தயாராக இருக்கிறது, அதை வெளியே தள்ளிவிடுகிற ஃபேன் மோட்டார்தான் செத்துப்போச்சு என்றார். ப்ளோயர் மோட்டார் என்று அதற்குப் பேர். அதை மாற்றினால் தீர்ந்தது. டாக்டரம்மா சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு வண்டலூர் பக்கம் மண்டபத்தில் தங்கச்சி பெண்ணுக்கு ரிசப்ஷன். இந்தக் கார் வாங்கினதற்கு வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்களாம். ரிசப்ஷனுக்கு அதில்தான் போய் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டாராம். இவர் சரி என்றுவிட்டார். அதுவரைக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் கதவைக்கூட இவர் தொட்டதில்லை.

புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமானில் தேடி, அதே சைஸ், அதே மூன்று ஓட்டை உள்ள மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு ஏதோ காருடையது. ஆனால் அளவு கச்சிதம். இனி மாட்ட வேண்டியதுதான்.

அந்த மாட்டுகிற கூத்தைத்தான் மூன்று நாள் பார்த்தோம். மற்ற காரில் எல்லாம் கால் வைக்கிற இடத்தில் ஒரு ஆள் குந்தலாம். இதில் ஒரு பூனை குந்தலாம். இவர் தலைகீழாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. தலை கீழே டேஷ்போர்டுக்கு அடியில், முதுகு சீட்டில், கால் ரெண்டும் கதவுக்கு வெளியே மேலே. உல்லன் சாக்ஸ் போட்ட கால். ரோட்டில் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தார்கள். உள்ளிருந்து பேச்சு மட்டும் வரும். ஸ்க்ரூ விழுந்துட்ச்சு, லைட்டு காட்டு, யக்கா டீ குடு. டீயை எப்படித் தம்பி குடிப்பே என்று கேட்டால், மாம்பழ ஜூஸ் ஸ்ட்ரா ஒன்று வாங்கி விடு என்பார். சுடச்சுட டீயை ஸ்ட்ராவில் உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டு, அதற்கும் காரைத் திட்டினார். ஸ்வெட்டர் எதிலோ மாட்டி ஒரு மணி நேரம் வெளியே வர முடியவில்லை. கழற்றிவிட்டு வா என்றேன். உள்ளே குளிருதுக்கா என்றார். கார் நின்றுகொண்டிருக்கிறது, ஏ.சி. செத்துக் கிடக்கிறது, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கை ரெண்டிலும் கீறல், கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. சாவியைத் திருப்பினார். மோட்டார் 'உய்ங்' என்று ஓடியது. காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தவர், சுட்டுவிட்டது போல இழுத்துக்கொண்டார். அவ்வளவு குளிராம். டாக்டரம்மா ஆட்டோவில் வந்து பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தார். இவர் தடுப்பைத் தட்டினார்.

அந்தக் காரில் ஏறுவது என்றால் விழுவதுதான். பின்பக்கமாகத் திரும்பி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு விழுந்தேன். கதவைச் சாத்தினார்கள். மோட்டார் பாட்டுக்கு ஓடியது. காற்றும் வந்தது. எப்படி வந்தது என்றால், பக்கத்தில் யாரோ தூங்குகிறவர் மூச்சு விடுவது போல வந்தது. மேலுதடு காயவில்லை. கழுத்து காயவில்லை. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே அவர் முகம். கழுத்து சாய்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னாலே டாக்டரம்மா வாட்சைப் பார்க்கிறார்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பாவமாக இருந்தது, அதனால் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். குளிரவில்லை என்று சொன்னால் மறுபடி ரிப்பேர் நடக்கும், மறுபடி நான் அந்தக் காரில் ஏற வேண்டும். ஏறுவதாவது பரவாயில்லை, இறங்க வேண்டும். அன்றைக்கே இறங்க முடியவில்லை. டாக்டரம்மா ஒரு கை, இவர் ஒரு கை, பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது போல என்னை வெளியே இழுத்தார்கள். என் கடையில் சாப்பிடுகிற வாத்தியார் ஒருத்தர் கை தட்டினார். இன்னொரு தடவை அந்த மானக்கேடு வேண்டாம் என்று உள்ளே இருக்கும்போதே நினைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் சிவப்புக் கார் வந்து நின்றது.

டாக்டரம்மா கோபப்படுகிறவர் இல்லை. வாயைத் திறங்க என்று பேஷண்டிடம் சொல்கிற அதே மெதுவான குரலில் சொன்னார். காற்று வருகிறது, ஆனால் குளிரவில்லை. மண்டபத்தில் போய் இறங்கினபோது பவுடர் எல்லாம் கரைந்து, பட்டுப்புடவை முதுகில் நனைந்து, தங்கச்சி ஓடிவந்து அக்கா உனக்கு நெஞ்சு வலியா என்று கேட்டாளாம். கேலி செய்கிறவர்களுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் என்றார்.

இவர் நம்பவே இல்லை. ஒரு துளி நம்பவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், இந்தக் கார்ல அக்கா போத்திக்கினு கீது. அக்கா போத்திக்கினா அதுக்கு மேல பேச்சே கிடையாது. உங்க உடம்புலதான் இன்னாவோ சூடு. டாக்டராண்ட காட்டுங்க."

"அண்ணா, நானே டாக்டர்."

"பல்லுக்குத்தான மேடம்."

இவர் விடவில்லை. பதினோரு வருஷத்தில் அக்கா சொன்னது ஒன்றுகூடத் தப்பினதில்லை, மீட்டர் தப்பும், அக்கா தப்பாது என்று எனக்காக வாதாடுகிறார். பஞ்சர் கடைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கடைசியில் தடுப்பைத் தட்டினார். யக்கா வா, மேடம் கண்ணு முன்னாலயே இன்னொரு வாட்டி குந்திக் காட்டு.

கல்லில் தோசை ஊற்றியிருந்தேன். திருப்பாமல் போட்டுவிட்டுப் போய் நின்றேன். கார் கதவு திறந்திருந்தது. நான் ஏறவில்லை.

"குளிராது தம்பி."

"இன்னும் குந்தவே இல்லியேக்கா."

"சனிக்கிழமையே குளிரல. நான் சும்மா போத்திக்கிட்டேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் என்னையே பார்த்தார். ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டார்.

"எத்தினி கார்லக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. இதுவரைக்கும் எத்தனை காரில் இப்படிப் பொய்யாகப் போர்த்திக்கொண்டேன் என்று கேட்கிறார். இது ஒன்றுதான், என் பிள்ளை மேல் சத்தியம் என்றேன். நேற்றுச் சட்னியை இன்றைக்குப் போட்டவள் இல்லை நான். என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று கோபம் வந்தது. கேட்க அவருக்கு வழி வைத்ததே நான்தான் என்றும் தெரிந்தது. அவர் காரைப் பார்க்கப் போய்விட்டார்.

கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. காரிலேயே இருந்த பழைய ஃபேன் சக்கரத்தின் இறக்கை எல்லாம் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அந்தப் பக்கம் சுற்றினால்தான் காற்றை அள்ளித் தள்ளும். புதுப்பேட்டை மோட்டார் வேறு காருடையது, அது எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் சரியாக வரும், காற்று பேருக்கு வரும். ரெண்டு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தார். ஒயர் வெளியிலேயே இருந்தது, தலைகீழாகத் தொங்க வேண்டிய வேலைகூட இல்லை. சனிக்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் டாக்டரம்மா முகூர்த்தக் களையோடு போய் இறங்கியிருப்பார்.

டாக்டரம்மா தானே உட்கார்ந்து பார்த்து, இப்போது குளிருகிறது என்று சொல்லிக் கிளம்பினார். போகும்போது என்னிடம் நின்று, என்றைக்காவது பல் வலித்தால் வாங்கம்மா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் இவர் சாப்பிட வந்தார். ஃபேனை நிறுத்தவில்லை. அடுப்பங்கரைக்குள்ளும் வரவில்லை. எல்லோரையும் போல வெளியே பெஞ்சில், ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பல் டகடகவென்று அடிக்க, நாலு இட்லி சாப்பிட்டார். நானே போய் ஃபேனை நிறுத்தினேன். அவர் எழுந்து போட்டுவிட்டு உட்கார்ந்தார். என்னை அதைவிட யாரும் அவமானப்படுத்தினதில்லை.

அதோடு நிற்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்த நம்பர்களை எடுத்துப் பழைய காருக்கெல்லாம் ஃபோன் போட ஆரம்பித்தார். உங்க ஏ.சி. குளிருதா, எனக்குச் சந்தேகமா கீது, கொண்டாந்து காட்டுங்க. நல்லாத்தானே இருக்கு என்பார்கள். இல்ல, காட்டுங்க என்பார். மறைமலை நகரிலிருந்தும் காட்டாங்குளத்தூரிலிருந்தும்கூட வந்தார்கள். வந்தவர்களுக்கு விஷயமே விளங்கவில்லை. ரிப்பேரே இல்லாமல் ரிப்பேர்காரர் கூப்பிட்டு அனுப்பினால் யாருக்குத்தான் பயம் வராது? கார் ஏதாவது வெடிக்கப் போகிறதா என்று ஒருத்தர் கேட்டார்.

என் இடத்தில் உட்கார ஆளும் தேடினார். பஞ்சர் கடைக்காரர் எல்லாக் காரிலும் தெரியலப்பா என்று ஒரே பதில் சொன்னார். வாசலில் பூ விற்கிறவளை உட்கார வைத்தார். அவள் கதவைச் சாத்தினதும் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கேட்டால் சூப்பரா கீதுண்ணா என்றாள். சாவி போடாத காரிலும் அப்படியே சொன்னாள். கடைசியில் அந்தந்தக் கார்க்காரரையே உட்காரச் சொன்னார். நான் தோசை திருப்பிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டேன். நல்லாக் குளிருதே. நல்லாக் குளிருதுங்க. இதுக்கா கூப்பிட்டீங்க? ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு காரும் போகும்போது இப்போது தடுப்பைத் தட்டுவார் என்று நினைப்பேன். தட்டவில்லை. நானாகப் போய்ப் பார்த்தியா என்று கேட்கவும் இல்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஒன்றரை மாசம் ஓடியது. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் பத்தரை மணி இருக்கும், டிபன் கூட்டம் முடிந்திருந்தது. பின்பக்கமாக வந்து தோசைக்கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையில் தட்டு இல்லை.

"யக்கா, ஒரு வண்டி வந்துகீது." கல்லுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார். "வேணாம்னா வேணாம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்து பார்த்தால் அமரர் ஊர்தி. வெள்ளை வேன், ரெண்டு பக்கமும் ரோஜாப்பூப் படம். சொந்தக்காரர்கள் உட்காருகிற பின்பக்கம் ஏ.சி. வேலை செய்யாமல், போன வாரம் குரோம்பேட்டையில் அழுதுகொண்டே வந்த ரெண்டு பேர் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்களாம். இவர் ரிப்பேர் செய்து முடித்திருந்தார். யாரும் ஏறிப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டே போய்விட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

ஏறினேன். பெட்டி வைக்கிற மேடைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார். மேலுதடு காய்ந்தது. கழுத்து காயவில்லை. இறங்கி, பத்தாது என்றேன். அவர் மேல் மூடியைக் கழற்றினார். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். ஏறினேன். கழுத்து காய்ந்தது, முதுகு அப்படியே இருந்தது. பத்தாது தம்பி, மறுபடி திற என்றேன். டிரைவர், ஏம்மா, இதுல வர்றவங்க குளிரப் பத்தி கம்ப்ளைன்ட் பண்ணப் போறாங்களா என்று கேட்டான். அழுவுறவங்களுக்கும் வேர்க்கும்டா, வாயை மூடு என்று இவர்தான் சொன்னார். மறுபடி கழற்றினார். அவர் முகத்தில் கடுப்பு இருந்ததா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார்.

மூன்றாவது தடவை ஏறும்போது நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. இந்தத் தடவை ஒரு இம்மி சந்தேகம் இருக்கக் கூடாது என்று தலையைப் பின்னால் சாய்த்து, கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் கவனித்தேன்.

வெளியே ஐயோ என்று ஒரு சத்தம். பூக்காரி. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே போட்டு, காலைலகூட அக்காவுக்கு ஒரு முழம் பூ குடுத்தேனே, நல்லாத்தானே பேசுச்சு என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பஸ் ஸ்டாப்பில் இருந்த பாதிப் பேர். எல்லோருக்கும் பின்னால் அவர், வேன் டயரில் சாய்ந்துகொண்டு, நிற்க முடியாமல் சிரிக்கிறார்.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

"கதவைச் சாத்துடி," என்றேன். "இன்னும் பாத்து முடிக்கல."